குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட்: வராந்தாவில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

என் மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதத்தில், கேட்க உதவும் காக்ளியர் கருவியை வலது காதில் அறுவை செய்து வைத்தார்கள். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சு தெரபி சென்டர் வராந்தாவிலும் ஸ்கேன் வரிசையிலும், சில நாள் இரவு பத்து மணிக்குப் போனிலுமாக எத்தனையோ பெற்றோர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டும் இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டியதை எங்கே கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். பொறுக்கலாமா?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன்.

என் மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஊர்த் திருவிழாவில் வேட்டுப் போட்டார்கள். பக்கத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழ, இவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "பொம்பளப் புள்ள, நல்லாத் தூங்குது" என்றார் மாமியார். "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றும் சொன்னார். ஒரு டாக்டரும் அதையே வேறு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார். அப்படிப் பத்து மாதம் போனது. அந்தப் பத்து மாதத்தை யாராலும் எங்களுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு இது: பிறந்த 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டோ வேறு உதவியோ. முதல் சோதனைக்கு ஓஏஇ என்று பெயர். தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள், வலியே இல்லை. அதில் சந்தேகம் வந்தால் பெரா டெஸ்ட். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் சிறு பட்டைகள் ஒட்டி, சத்தம் மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப கால இடையீட்டு மையம் இருக்கிறது, ஆங்கிலச் சுருக்கத்தில் டெய்க் என்பார்கள். நேராக அங்கே போய்க் கேட்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்ததும் பல நாள் ஐசியூவில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தை, கர்ப்பத்தில் அம்மாவுக்கு ருபெல்லா வந்திருந்த குழந்தை, இவர்களுக்கெல்லாம் சந்தேகம் வரும்வரை காத்திருக்காமலே சோதிக்க வேண்டும். அக்கா மகள், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் திருமணம் செய்த வீடுகளையும் சேர்த்துச் சொல்கிறேன். பிறவியிலேயே வரும் காது கேளாமையில் பெரும் பங்கு பரம்பரையாக வருவது. அம்மா அப்பா இருவருக்கும் நன்றாகக் கேட்டாலும் குழந்தைக்கு வரலாம். இதைச் சொல்வது யார் மேலும் பழி போட இல்லை. எங்கள் வீட்டிலும் சொந்தம்தான். பழி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் டெஸ்ட் எடுத்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

ஹியரிங் எய்டுக்கும் காக்ளியருக்கும் என்ன வித்தியாசம்?

ஹியரிங் எய்டு சத்தத்தைப் பெரிதாக்கிக் காதுக்குள் அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள உள்காதில் இருக்கும் நத்தை ஓடு போன்ற பகுதியில் சத்தத்தை உணரும் மயிர்செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். அவை இல்லாத காதில் எவ்வளவு பெரிதாகக் கத்தினாலும் பயன் இல்லை. காக்ளியர் அந்தச் செல்களைத் தாண்டிப் போகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர் சத்தத்தை வாங்கி, அதை மின்குறிகளாக மாற்றி, தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் வழியாகத் தோலைத் தாண்டி உள்ளே அனுப்பும். உள்ளே எலும்பின் மேல் பதித்த கருவி, நத்தை ஓட்டுக்குள் நுழைத்த, எலக்ட்ரோடு என்ற மின்சாரம் விடும் புள்ளிகள் கொண்ட மெல்லிய கம்பி வழியாக நரம்பை நேராகத் தூண்டும்.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வைத்த காதில் மிச்சம் மீதி இருந்த இயற்கையான கேட்கும் திறன் போய்விட வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஹியரிங் எய்டைச் சில மாதம் போட்டுப் பார்த்து, அதில் பேச்சு வரவில்லை என்றால்தான் காக்ளியர் என்பார்கள். அந்தச் சில மாதம் வீண் இல்லை. என் மகள் காதில் எதையாவது மாட்டிக்கொள்ளப் பழகியதே அப்போதுதான்.

எல்லாக் குழந்தைக்கும் வைக்கலாமா?

இல்லை. இரண்டு காதிலும் கடுமையான அல்லது மிகக் கடுமையான குறை, ஹியரிங் எய்டால் போதிய பயன் இல்லை, நரம்பு இருக்கிறது, இந்த மூன்றும் வேண்டும். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. எம்ஆர்ஐ எடுப்பது அதற்காகத்தான். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "காது நரம்பு இரண்டு பக்கமும் இருக்கா, மெலிசா இருக்கா?" நரம்பே இல்லாத காதில் எந்தக் கம்பெனி கருவி வைத்தாலும் கேட்காது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வைக்கும் வேறு வகைக் கருவி இருக்கிறது. அது தனிக் கதை, தனி முடிவு. சிடி ஸ்கேன் எலும்பின் அமைப்பைக் காட்டும். நத்தை ஓடு சரியாக உருவாகாமல் இருந்தால் எந்த நீளக் கம்பி பொருந்தும் என்பதை அதைப் பார்த்துத்தான் சர்ஜன் முடிவு செய்வார்.

மூளைக்காய்ச்சல் வந்து காது போன குழந்தை என்றால் கணக்கே வேறு. உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும், அது சில வாரங்களிலேயே தொடங்கிவிடலாம். அங்கே மாதக் கணக்கில் யோசிக்க நேரம் கிடையாது.

எந்த வயதில் வைப்பது நல்லது?

எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பொதுவாக ஒரு வயதை ஒட்டிச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2020இல் ஒரு கருவிக்கு 9 மாதத்திலிருந்தே அனுமதி கொடுத்தார்கள். நத்தை ஓடு பிறக்கும்போதே பெரியவர்களுக்கு இருக்கும் அளவில் இருக்கிறது, அதனால் குழந்தை வளர வளரக் கருவியை மாற்ற வேண்டியதில்லை.

அவசரத்துக்குக் காரணம் காது இல்லை, மூளை. சத்தமே வராமல் இருந்தால் கேட்பதற்கு என்று ஒதுக்கிய இடத்தை மூளை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பிறவியிலேயே கேட்காத குழந்தைகளில் மூன்றரை வயதுக்குள் வைத்தவர்களுக்கு மூளையின் பதில் மற்றக் குழந்தைகளைப் போலவே வருவதையும், ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி வராததையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து "இனிமே வச்சாப் பேசிடுமா?" என்று கேட்கும் அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சத்தம் கேட்கும், பேச்சு எவ்வளவு வரும் என்பது வேறு கேள்வி என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, எந்தக் கம்பெனி வாங்கலாம்?

எல்லாரும் முதலில் கேட்பது இது. நான் ஐந்தாவதாகப் பதில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் பெரிதும் பேசப்படுவது மூன்று. ஆஸ்திரேலியாவின் காக்ளியர் (கம்பெனிக்கும் அதே பெயர்), ஆஸ்திரியாவின் மெட்எல், அமெரிக்காவின் அட்வான்ஸ்ட் பயோனிக்ஸ். முதல் கம்பெனியின் வேர், மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978இல் செய்த பல எலக்ட்ரோடு அறுவை. இரண்டாவதன் வேர், இங்கபோர்க், எர்வின் ஹோக்மையர் தம்பதி வியன்னாவில் உருவாக்கி 1977இல் வைத்த கருவி. மூன்றாவது இப்போது சுவிட்சர்லாந்தின் சோனோவா கையில் இருக்கிறது.

விற்பனைக்கு வருகிறவர்கள் முதலில் எண்ணிக்கை சொல்வார்கள். ஒன்றில் எலக்ட்ரோடு 22, இன்னொன்றில் 16, மற்றொன்றில் 12. கேட்டதும் 22தான் உசத்தி என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து நோட்டில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். உள்காதில் நீர் இருக்கிறது. ஒரு புள்ளியில் விடும் மின்சாரம் பக்கத்துப் புள்ளிகளுக்கும் பரவும். அதனால் எத்தனை எலக்ட்ரோடு இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குத் தனித்தனியாகப் பயன்படுவது எட்டு பாதை அளவுக்குத்தான். ஒரு கம்பெனி நீளமான கம்பி நத்தை ஓட்டின் உச்சி வரை போய் கனத்த ஒலிகளையும் தருகிறது என்று சொல்லும். இன்னொன்று எங்கள் கம்பி நரம்பை ஒட்டி வளைந்து உட்காருகிறது என்று சொல்லும். இரண்டும் உண்மை. எந்தக் காதுக்கு எது என்பதைச் சிடி ஸ்கேன் பார்த்த சர்ஜன் சொல்லட்டும். மூன்றிலும் அருமையாகப் பேசும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் அலமாரியில் கிடக்கும் பிராசசரையும் பார்த்திருக்கிறேன்.

நான் இன்று மறுபடி தேர்ந்தெடுப்பதாக இருந்தால் வேறு கேள்விகள் கேட்பேன். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பும் தூரத்தில் இந்தக் கருவிக்கு மேப்பிங் செய்ய, அதாவது அதன் அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி அமைக்க, ஆள் யார்? அவர் வாரத்தில் எத்தனை நாள் இருப்பார்? கேபிள் அறுந்தால் புதுக் கேபிள் எத்தனை நாளில் கையில் கிடைக்கும்? ரிப்பேருக்குப் போன பிராசசர் திரும்பி வரும்வரை மாற்று பிராசசர் தருவீர்களா? உள்கருவிக்கு எத்தனை வருட வாரண்டி, வெளிக்கருவிக்கு எத்தனை? உள்கருவிக்குப் பொதுவாகப் பத்து வருடம் தருகிறார்கள், வெளிக்கருவிக்குக் குறைவு, எழுத்தில் வாங்குங்கள். இந்த மாடலை நிறுத்திவிட்டால் அடுத்த மாடல் இதே உள்கருவியோடு வேலை செய்யுமா? எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் உள்கருவியில் இருக்கும் காந்தத்தை அறுத்து எடுக்க வேண்டுமா? இப்போதைய கருவிகளில் மூன்று கம்பெனியிலும் 3 டெஸ்லா என்ற வலுவான எம்ஆர்ஐயைக் காந்தம் எடுக்காமலே எடுக்கக்கூடிய மாடல் இருக்கிறது. உங்களுக்குத் தருவது அதுதானா, பழைய மாடலா என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இன்னும் எழுபது வருட வாழ்க்கை இருக்கிறது. எம்ஆர்ஐ தேவைப்படாது என்று யாரும் சொல்ல முடியாது.

எங்களுக்கு அறுவை செய்த இடம் நல்ல இடம். ஆனால் மேப்பிங்குக்கு அங்கேயே போக வேண்டும் என்பதை யாரும் முன்னால் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் காலை நாலு மணி பஸ். தூக்கம் கெட்ட குழந்தை எந்தச் சத்தத்துக்கும் பதில் சொல்லாது. பாதி மேப்பிங் வீணானது அப்படித்தான்.

கருவி உள்ளே கெட்டுப்போகுமா?

அரிது, ஆனால் நடக்கும். காக்ளியர் கம்பெனி 2011இல் ஒரு வரிசைக் கருவியைத் தானே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அட்வான்ஸ்ட் பயோனிக்ஸும் 2020இல் ஒரு மாடலின் ஆரம்ப வகையைத் திரும்பப் பெற்றது. பழுதானால் மறு அறுவை செய்து புதிது வைப்பார்கள், வாரண்டிக்குள் என்றால் கருவி கம்பெனி பொறுப்பு. ஆபரேஷன் செலவு யார் பொறுப்பு என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று "ஆ? ஆ?" என்று கேட்க ஆரம்பித்தால், மாட்டும்போது அழுதால், சேட்டை என்று நினைக்காதீர்கள். முதலில் கேபிள், பிறகு காயில், பிறகு மேப்பிங், அதற்கும் பிறகுதான் உள்கருவி. இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு காதா, இரண்டு காதா?

முடிந்தால் இரண்டு, முடிந்தால் ஒரே நேரத்தில். பிரிட்டனில் 2009 முதலே குழந்தைகளுக்கு இரண்டு காதிலும் சேர்த்து வைக்கப் பரிந்துரை இருக்கிறது. சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தெரிவது, வகுப்பறை இரைச்சலில் டீச்சர் குரலைப் பிரித்துக் கேட்பது, ஒன்று பழுதானாலும் இன்னொன்றில் பள்ளிக்கூடம் போவது, இதெல்லாம் இரண்டில் கிடைக்கும். எங்களால் ஒன்றுதான் முடிந்தது. என் மகள் ரோட்டைக் கடக்கும்போது இன்றும் என் கை அவள் கையைத் தேடும், ஹாரன் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் வைத்தால், மறு காதில் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால், அதில் ஹியரிங் எய்டைத் தொடருங்கள். கடன் வாங்கி இரண்டாவது வைத்துவிட்டுத் தெரபிக்குப் பணமில்லாமல் நிற்பதைவிட, ஒன்றை வைத்து ஒழுங்காகத் தெரபி கொடுப்பது மேல்.

செலவுக்கு என்ன வழி?

தனியாரில் ஒரு காதுக்கு ஐந்தாறு லட்சத்தில் தொடங்கி, மாடலைப் பொறுத்துப் பத்து லட்சத்தைத் தாண்டியும் போகும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்று வேண்டும். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டும், பிறந்ததும் பெயர் சேர்க்காத வீடுகள் இங்கேதான் இரண்டு மூன்று மாதத்தை விடுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் 2014 முதல் காக்ளியர் உண்டு. பிறவிக் குறை என்றால் ஐந்து வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மும்பையில் உள்ள அலி யாவர் ஜங் நிறுவனம் அதை நடத்துகிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை டெஸ்ட் முடிந்த வாரத்திலேயே எடுத்துவிடுங்கள், எல்லாத்துக்கும் கேட்பார்கள்.

திட்டத்தில் வைக்கும்போது கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெற்றோருக்குப் பெரும்பாலும் இருக்காது. அதற்காகத் தயங்கி, பணம் சேர்த்து "நல்ல கம்பெனி" வைக்கலாம் என்று ஒரு வருடம் தள்ளாதீர்கள். ஒரு வயதில் வைத்த சாதாரண மாடல், மூன்று வயதில் வைத்த விலை உயர்ந்த மாடலைவிட அதிகம் கொடுக்கும்.

ஆபரேஷன் பயமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. ஒரு காதுக்கு இரண்டு மூன்று மணி நேரம், மயக்க மருந்து கொடுத்து, காதுக்குப் பின்னால் கீறிச் செய்வார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முக நரம்பு அந்தப் பாதையில் இருப்பதால் அதைக் கண்காணிக்கும் கருவி பயன்படுத்துகிறீர்களா என்று கேட்கலாம், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தடுப்பூசி ரொம்ப முக்கியம். காக்ளியர் வைத்தவர்களுக்கு நிமோகாக்கஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நிமோகாக்கல் தடுப்பூசியும், மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமிக்கான ஹிப் தடுப்பூசியும் இப்போது அரசு அட்டவணையிலேயே இருக்கின்றன. குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே முடித்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் இன்னொரு வகை நிமோகாக்கல் ஊசியும் போடச் சொல்வார்கள். பின்னாளில் வேறு எந்த ஆபரேஷன் நடந்தாலும், டான்சில் என்றாலும்கூட, காக்ளியர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சில மின் கத்திகளைத் தலை, கழுத்துப் பக்கம் பயன்படுத்தக் கூடாது.

குலதெய்வக் கோயிலில் மொட்டை, காது குத்து வேண்டுதல் இருக்கிறது. செய்யலாமா?

முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பிறகு என்றால் காயம் முழுதாக ஆறி டாக்டர் சரி என்ற பிறகு. காது மடலில் குத்துவதால் கருவிக்கு ஒன்றும் ஆகாது, அது மேலே பின்னால் இருக்கிறது. மொட்டை அடிக்கும்போது கருவி இருக்கும் மேட்டைத் தொட்டுக் காட்டி, அங்கே கத்தி பதமாகப் போகட்டும் என்று சொல்லுங்கள். யாரும் சொல்லாத ஒன்று: மொட்டை அடித்த பிறகு முடியின் கனம் போய்விடுவதால் காந்தம் முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும். என் மகளுக்கு அப்படித் தோல் சிவந்துவிட்டது. ஆடியாலஜிஸ்ட் காந்தத்தின் வலுவைக் குறைத்துக் கொடுத்தார்.

சுவிட்ச் ஆன் அன்றைக்கே குழந்தை திரும்பிப் பார்க்குமா?

ஆபரேஷன் முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கருவியை முதல் முறையாக இயக்குவார்கள், அதுதான் சுவிட்ச் ஆன். போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பாட்டி, சித்தப்பா என்று ஒரு வேன் ஆட்களோடு போய்விடாதீர்கள். என் மகள் அழுதாள், பிடுங்கி எறிந்தாள். சில குழந்தைகள் ஒன்றுமே காட்டாமல் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் அளவைக் குறைவாக வைத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அதற்குத்தான் மேப்பிங்.

அன்றிலிருந்து குழந்தைக்கு இன்னொரு வயது ஆரம்பிக்கிறது. கேட்கும் வயது என்று எங்கள் தெரபி டீச்சர் சொல்வார். என் மகளுக்கு மூன்று வயதில் கேட்கும் வயது ஏறக்குறைய பத்து மாதம்தான். பத்து மாதக் குழந்தை என்ன பேசும்? அதைத்தான் அவளிடம் எதிர்பார்க்க வேண்டும். இது புரிந்த பிறகுதான் நான் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்தினேன்.

தெரபி எத்தனை நாள்? வீட்டில் என்ன செய்வது?

தெரபி வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் உங்களுடையது. விழித்திருக்கும் நேரம் முழுக்கக் கருவி தலையில் இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் மாட்டினோம் என்பதைப் பிராசசரே பதிவு செய்துகொள்ளும். ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் பார்த்துவிடுவார். "நாள் பூரா போடுறோம் மேடம்" என்ற பொய் அங்கே செல்லாது.

காலையில் மாட்டியதும் குழந்தைக்குப் பின்னால் நின்று, வாய் தெரியாமல், ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். பேச்சின் கனத்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலி வரை இதற்குள் அடங்கிவிடும். நேற்று ஸ் கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லை என்றால் கருவியில் ஏதோ கோளாறு.

பொம்மை வாங்கித் தெரபி ரூம் அமைக்க வேண்டியதில்லை. அடுப்படி போதும். விசில் வந்ததும் காதைத் தொட்டு, "கேட்டுச்சா? குக்கர் விசில்!" கடுகு வெடிக்கும் சத்தம், தண்ணீர் லாரி, பால்காரர் மணி, அப்பா வண்டி. முதலில் சத்தம், பிறகுதான் பொருளைக் காட்டுவது. சமைக்கும்போது என்ன செய்கிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் "யார்கிட்ட பேசுற?" என்று கேட்டார். டிவியை அணைத்து வையுங்கள். அதன் இரைச்சலில் உங்கள் குரல் தொலைந்துவிடும்.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். குழந்தையிடம் எந்த மொழி பேசுவது?

உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் எந்த மொழி தானாக வருகிறதோ அந்த மொழி. சௌராஷ்டிரமோ தெலுங்கோ தமிழோ, ஒரு மொழி உறுதியாக வந்துவிட்டால் அடுத்தது அதன் தோளில் ஏறி வரும். காக்ளியர் வைத்த குழந்தைகள் இரண்டு மொழி பேசுகிறார்கள், பார்த்திருக்கிறேன். அரைகுறை இங்கிலீஷில் "கம், சிட், ஆப்பிள்" என்று பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில்தான் குழந்தைக்கு எந்த மொழியும் வராமல் போகிறது.

சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்கிறார்களே?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், பயந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது அதை நம்பவில்லை. காக்ளியர் வைக்கும்வரை குழந்தை மொழியே இல்லாமல் இருக்க வேண்டுமா? பசி, வலி, பயம் சொல்ல ஏதாவது வேண்டாமா? பேச்சுக்குத் தினம் உழைக்க வேண்டும், அதில் குறை வைக்கக் கூடாது. கூடவே கையும் பேசட்டும். காக்ளியர் வேண்டாம், எங்கள் குழந்தை சைகை மொழியில் வளரட்டும் என்று முடிவெடுக்கும் காது கேளாத பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே வீட்டில் முழு மொழி இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

வியர்வை, மழை, கரண்ட் கட்?

மே மாதத்தில் பிராசசர் நனைந்துவிடும். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வையுங்கள். அதிலுள்ள மாத்திரை நிறம் மாறினால் மாற்றுங்கள். மழைக்காலத்தில் தினமும். குளிக்கும்போது கழற்றுங்கள், ஆறு குளம் என்றால் தண்ணீர் புகாத உறை தனியாக வாங்க வேண்டும். சார்ஜ் பேட்டரி இருந்தாலும் ஒரு அட்டை 675 பேட்டரி பையில் இருக்கட்டும். பேட்டரி மூடியில் பூட்டு இருக்கும், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைப் பூட்டியே வையுங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து.

பிராசசர் எத்தனை வருடம் வரும்?

எங்களுடையது ஏழாம் வருடம் நின்றது. அந்த மாடலை அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். புதிது லட்சக்கணக்கில். முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் மாதம் ஆயிரமாவது போட்டு வைத்திருப்பேன். நீங்கள் சுவிட்ச் ஆன் ஆன மாதத்திலேயே போஸ்ட் ஆபீஸில் ஒரு ஆர்டி தொடங்குங்கள். கேபிள், காயில் செலவு அதில் சேராது, அது வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும்.

இரவில் கழற்றிவிட்டால் குழந்தைக்கு ஒன்றும் கேட்காதா?

கேட்காது. கழற்றினால் அவள் மறுபடி காது கேளாத குழந்தைதான். முதல் வருடம் இதை நான் யோசிக்கவே இல்லை. கரண்ட் போன ஒரு ராத்திரி அவள் எழுந்து அலறினாள். இருட்டில் என் முகமும் தெரியவில்லை, என் குரலும் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு கட்டில் பக்கம் பேட்டரி விளக்கு ஒன்று எப்போதும் இருக்கும். நானும் அவளும் சைகை கற்றுக்கொண்டோம். பிராசசரை டப்பாவில் வைத்து மூடிவிட்டு, அந்த விளக்கு வெளிச்சத்தில் அன்றைக்குப் பள்ளியில் யாரோடு சண்டை என்று கையாலேயே சொல்வாள். தூக்கம் வந்ததும் விளக்கை என் பக்கம் திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.